ஐம்பதுக்கு மேல் பெண்களின் உடற்பாரம்

உடல் இளைப்பது ஒரு காரியம்; இளைத்த உடலை அப்படியே வைத்திருப்பது மற்றொரு காரியம். நம் தாய்மார்களில் பலர் முதற்காரியத்தை ஒரு முறையல்ல, நாலைந்து முறை செய்து முடித்தவர்கள். பெருநாளுக்கு முன் மூன்று கிலோ, மகள் கலியாணத்துக்கு முன் நாலு கிலோ, ஹஜ்ஜுக்கு முன் ஐந்து கிலோ என்று குறைத்து, ஒவ்வொரு முறையும் போனதையெல்லாம் வட்டியோடு திரும்பப் பெற்றவர்கள். "எனக்கு மனத்திடம் போதாது" என்று அவர்கள் தம்மையே நொந்துகொள்கிறார்கள். அப்படி நொந்துகொள்வது நியாயமன்று. அதற்குரிய காரணம் உடலுக்குள்ளேயே இருக்கிறது. அதை அறிந்துகொண்டால்தான் எங்கே கை வைக்க வேண்டும் என்பதும் தெரியும்.

முதலில் வயதின் வேலையைக் கவனிப்போம். பெண்களுக்கு ஐம்பது வயதை ஒட்டி மாதவிடாய் நின்றுவிடுகிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னிருந்தே ஈஸ்ட்ரஜன் என்னும் ஹார்மோன் குறையத் தொடங்குகிறது. இளமையில் இடுப்பிலும் தொடையிலும் தங்கிய கொழுப்பு, இதன் பின் வயிற்றைத் தேடி வருகிறது. பாரம் அவ்வளவாக ஏறாத நிலையிலும் பழைய ரவிக்கை பற்றாமற் போவது இதனாலேதான். பாரம் ஏறுவதற்கோ வேறொரு காரணமும் உண்டு. முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு நூற்றுக்கு 3 முதல் 8 பங்கு வரை தசை கரைந்து போகிறது. சும்மா இருக்கும்போதும் ஆகாரத்தைச் செலவழித்துக் கொண்டிருப்பது தசை. கொழுப்பு அவ்வளவு செலவழிப்பதில்லை. பிள்ளைகள் வளர்ந்து, துணி துவைக்கவும் மாவரைக்கவும் இயந்திரங்கள் வந்து, நடையும் குறைந்துவிட்ட அதே காலத்தில்தான் தசையும் கரைகிறது. ஆகவே, நாற்பதில் உண்ட சோற்றையே ஐம்பத்தைந்திலும் உண்பவருக்கு மிச்சம் விழுகிறது. ஆண்டுக்கு அரைக் கிலோதான் என்றாலும் பத்தாண்டில் ஐந்து கிலோ ஆயிற்றே!

"வயதானால் சதை போடுவது சகஜந்தானே, இனி யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று கேட்கும் சகோதரிகள் உண்டு. அழகைப் பற்றிய பேச்சே இங்கு இல்லை. வயிற்றுக்குள் குடலையும் ஈரலையும் சூழ்ந்து சேரும் கொழுப்பு, இன்சுலினைச் சரிவர வேலை செய்ய விடுவதில்லை. நீரிழிவு பெரும்பாலும் இந்த வாசல் வழியாகவே நுழைகிறது. இரத்தக் கொதிப்பும் கூடவே வருகிறது. மலேசியாவில் 2023ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்கு 54 பேர் அளவுக்கு மீறிய பாரம் உடையவர்கள் என்றும், ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு என்றும் கண்டார்கள். சிறுநீரகம் பழுதாகி வாரம் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்வரும் உறவினர் இல்லாத குடும்பம் நம்மிடையே குறைவு. அந்த வியாதிக்கு இங்கே தலையாய காரணம் நீரிழிவுதான்.

முழங்காலையும் மறக்கலாகாது. மூட்டுத் தேய்மானம் உள்ள பருத்த முதியவர்களை வைத்துச் செய்த ஆராய்ச்சி ஒன்றில், உடலில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால்மேல் விழும் பாரம் நாலு கிலோ குறைவதாகக் கண்டார்கள். நாற்காலியில் அமர்ந்து தொழ வேண்டிய நிலைக்கு வந்துவிட்ட தாய்மார்களுக்கு இக்கணக்கின் அருமை நன்றாகத் தெரியும்.

அளவுக்கு மீறியது எது என்பதில் ஆசியர்களாகிய நமக்குத் தனிக் கணக்கு. பாரத்தைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, உயரத்தின் வர்க்கத்தால் பாரத்தை வகுக்க வேண்டும். ஐரோப்பியருக்கு 25 வரை சரி என்பார்கள். நமக்கோ 23இலேயே ஆபத்து ஏறத் தொடங்குகிறது, 27.5இல் அது அதிகமாகிவிடுகிறது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் அறிவித்தது. 155 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு இவை முறையே 55 கிலோ, 66 கிலோ. கணக்குப் போட அலுப்பாயிருந்தால் தையற்காரியின் அளவுநாடாவை எடுத்து வயிற்றைச் சுற்றிப் பாருங்கள். 80 சென்டிமீட்டருக்கு மேற்போனால் கவனிக்க வேண்டியதே. என் அபிப்பிராயத்தில் நம் வயதினருக்குத் தராசை விட நாடாவே நல்ல சாட்சி.

அப்படியானால் இருபது வயதுப் பாரத்துக்கா திரும்ப வேண்டும்? வேண்டியதில்லை. அமெரிக்காவில் நீரிழிவின் விளிம்பில் நின்ற 3,234 பேரை வைத்துச் செய்த ஆராய்ச்சி 2002இல் வெளியாயிற்று. அவர்களின் சராசரி வயது 51. மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள். ஒரு பிரிவினருக்கு இட்ட வேலை, பாரத்தில் நூற்றுக்கு 7 பங்கைக் குறைப்பதும், வாரம் 150 நிமிடம் நடப்பதுமே. 70 கிலோ உள்ளவருக்கு இது ஐந்து கிலோ. இதனால் நீரிழிவு வருவது நூற்றுக்கு 58 பங்கு குறைந்தது. அறுபது வயது தாண்டியவர்களிடம் 71 பங்கு குறைந்தது! மாத்திரை உண்ட பிரிவினருக்கோ 31 பங்குதான். வயது போய்விட்டதென்று கை கழுவுகிறவர்கள் இந்த எண்ணை மனத்தில் வைக்கவும்.

இப்போது குறைத்த பாரம் ஏன் திரும்புகிறது என்பதற்கு வருவோம். குடும்பத்தின் வரும்படி குறைந்தால் கெட்டிக்கார இல்லத்தரசி என்ன செய்வாள்? விளக்கைக் குறைப்பாள், சந்தைச் செலவைச் சுருக்குவாள், எங்கே நாலு காசு கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். ஆகாரம் குறைந்ததும் உடலும் இதையேதான் செய்கிறது. செலவைச் சுருக்கிக்கொண்டு பசியைத் தூண்டிவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் 50 பேருக்குக் கடுமையான பத்தியம் கொடுத்து இளைக்க வைத்த ஆராய்ச்சி 2011இல் வெளிவந்தது. பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடியும், வயிறு நிறைந்ததென்று சொல்லும் ஹார்மோன்கள் குறைந்தும் இருந்ததை, ஓராண்டு கழிந்த பின்னும் அதில் கண்டார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் மிக வேகமாக இளைத்த 14 பேரை ஆறு ஆண்டு கழித்துச் சோதித்த கதை 2016இல் வந்தது. அவர்களுடைய உடல் எதிர்பார்த்ததைவிட நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைவாகவே செலவழித்துக் கொண்டிருந்தது. பெரும்பாலோர் பாரம் திரும்பிவிட்டது. இது மனத்திடத்தின் குறை அல்லவே. பஞ்சம் வந்துவிட்டதென்று நினைத்து உடல் தன்னைக் காத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

இதிலிருந்து தெரிவது, இளைக்கும்வரை ஒரு சாப்பாடும் இளைத்த பிறகு பழைய சாப்பாடும் என்றால் காரியம் நடவாது. ஆயுள் முழுவதும் உண்ணக்கூடிய சாப்பாடு எதுவோ அதில்தான் தொடங்க வேண்டும். ஒரு வேளை வெறும் வெள்ளரிக்காயைத் தின்று கிடப்பவர் எத்தனை நாள் கிடப்பார்?

நம் அடுக்களையில் முதற்குற்றவாளி சோறு அன்று, தேத்தண்ணீரே என்பேன். டின் பால் ஊற்றி இழுத்த தேத்தண்ணீர் ஒரு கிளாஸில் ஏறக்குறைய 180 கலோரி இருக்கிறது. பசியாறும்போது ஒன்று, அஸருக்குப் பின் ஒன்று, விருந்தாளி வந்தால் ஒன்று என மூன்று கிளாஸானால் 540. ஒரு மணி நேரம் வேர்க்க நடந்தாலும் நாம் செலவழிப்பது 200 முதல் 250 கலோரிதான். ஆகவே நடையால் தேத்தண்ணீரைக் கரைக்க முடியாது. தேத்தண்ணீரைத்தான் மாற்ற வேண்டும். கடையில் "தே ஓ கோசோங்" என்று கேட்டால் பாலும் சீனியும் இல்லாமல் தருவார்கள். முதல் வாரம் கசக்கும். போகப் போக நாக்கு பழகிவிடும். சிங்கப்பூரில் 2022 டிசம்பர் முதல் டின், போத்தல் பானங்களில் சீனியின் அளவுக்கேற்ப ஏ முதல் டி வரை எழுத்துப் போடுகிறார்கள். வாங்குமுன் அதையும் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது எண்ணெயும் தேங்காய்ப் பாலும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி, நெய்யும் அப்படியே. ஆணத்தில் மேலே மிதக்கும் எண்ணெய் கண்ணுக்குத் தெரிகிறது. ரொட்டி சானாயில் உள்ளது தெரிவதில்லை, ஆனால் ஒரு ரொட்டிக்கு 300 கலோரி ஆகிறது. தேங்காய்ப் பாலை அடியோடு விடச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. இரண்டாம் பாலில் ஆக்கி, தலைப்பாலைப் பாதியாக்கினால் ருசி அவ்வளவு கெடாது.

சோற்றுக்கு மலேசியச் சுகாதார அமைச்சு சொல்லும் கணக்கு எளிது. தட்டில் பாதி கீரை காய்கறியும் பழமும், கால் பங்கு மீன் இறைச்சி முட்டை பருப்பு, மீதிக் கால் பங்கு சோறு. நம் வீடுகளில் முக்கால் தட்டு சோறும், மூலையில் ஒரு கரண்டிக் கீரையும் என்றல்லவா இருக்கிறது! இன்னொன்று, இது பெண்களுக்கே உரியது. எல்லாரும் உண்டு எழுந்த பிறகு, பேரப்பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததை "வீணாக்கலாகாது" என்று வாயில் போட்டுக்கொள்வதும், சட்டியில் ஒட்டியதை வழித்து உண்பதும், இரவு பத்து மணிக்குத் தனியே அமர்ந்து உண்பதும். வீணாக்கக்கூடாது என்பது சரியே. அதற்கு வழி, குறைவாக ஆக்குவதும் எஞ்சியதைக் குளிர்ப்பெட்டியில் வைப்பதும்தான். குடும்பத்தாரோடு சேர்ந்தே அமர்ந்து உண்ணும் பழக்கத்தை வீட்டு ஆண்கள் உண்டாக்கிக் கொடுத்தால் பாதி வேலை தீரும்.

இளைக்கும்போது கொழுப்பு மட்டும் கரைவதில்லை. சாப்பாட்டை மட்டும் குறைத்தால் போகும் பாரத்தில் ஏறக்குறைய கால் பங்கு தசை முதலியவற்றிலிருந்தே போகிறது. எலும்பும் கொஞ்சம் மெலிகிறது. மாதவிடாய் நின்ற பிறகு ஏற்கெனவே எலும்பு மெலியும் காலம். திரும்பி ஏறும் பாரமோ பெரும்பாலும் கொழுப்பாகவே ஏறுகிறது. நாலு முறை இளைத்துப் பருத்தவர், முன்னிருந்ததைவிடப் பலம் குன்றிப் போவது இப்படித்தான். ஆகவே புரதம் குறையக்கூடாது. கிலோ பாரத்துக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல், அதாவது 60 கிலோ உள்ளவர் நாளொன்றுக்கு 60 கிராமாவது உண்ண வேண்டும். கெம்போங் மீனோ தெம்பேயோ 100 கிராமில் சுமார் 20 கிராம் புரதம் இருக்கிறது. முட்டை ஒன்றில் 6 கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்டே இதைச் செய்ய வேண்டும்.

தசைக்கு வேலையும் கொடுக்க வேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். சுவரில் கைகளை ஊன்றி முன்னும் பின்னும் சாய்ந்து நிமிருங்கள். ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தலைக் கைக்கொன்றாகத் தூக்கி இறக்குங்கள். வாரம் இரண்டு மூன்று நாள் இது. மற்ற நாட்களில் நடை. பருத்த முதியவர்களை வைத்து அமெரிக்காவில் 2017இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நடையும் பாரம் தூக்குவதும் சேர்ந்து செய்தவர்களே, ஒன்றை மட்டும் செய்தவர்களை விட நன்றாக இயங்கினார்கள். வெயிலுக்கு அஞ்சுகிறவர்கள் பேரங்காடிகளுக்குள் நடக்கலாம். பணப்பையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது உத்தமம்.

அமெரிக்காவில் 1994 முதல் ஒரு பதிவேடு நடத்துகிறார்கள். 13 கிலோவுக்கு மேல் குறைத்து, அதை ஓராண்டாவது காத்தவர்களே அதில் சேரலாம். பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் சேர்ந்திருக்கிறார்கள். அவர்கள் இளைத்த வழிகள் பலவாக இருந்தாலும், காக்கும் வழி ஏறக்குறைய ஒன்றே. பெரும்பாலோர் காலையில் பசியாறுகிறார்கள், வாரம் ஒரு முறையாவது தராசில் ஏறுகிறார்கள், தொலைக்காட்சியைக் குறைத்துக்கொண்டார்கள், பத்தில் ஒன்பது பேர் நாளொன்றுக்குச் சராசரி ஒரு மணி நேரம் தேகப்பயிற்சி செய்கிறார்கள். இளைப்பதற்குச் சாப்பாடு பெரிது, காப்பதற்கு நடை பெரிது என்று கொள்ளலாம். தராசு விஷயத்தில் ஒரு யோசனை: இரண்டு கிலோ ஏறினால் உடனே தேத்தண்ணீரையும் சோற்றையும் பார்ப்பது என்று எல்லை வைத்துக்கொள்ளுங்கள். எட்டு கிலோ ஏறியபின் விழித்தால் மலைப்பாயிருக்கும்.

நோன்பு மாதத்தில் பலருக்கு ஒரு கிலோ போல் குறைகிறது. பெருநாள் கழிந்து சில வாரங்களில் அது திரும்பிவிடுகிறது. காரணம் தேட வேண்டியதில்லை. திறந்த வீட்டு விருந்துகளில் நெய்ச்சோறும் தால்ச்சாவும் பலகார டப்பாவும் ஒரு மாதம் ஓடுகின்றன. விருந்துக்குப் போங்கள், ஒரு வீட்டில் உண்டு, மற்ற வீடுகளில் பேசிவிட்டு வாருங்கள்.

மருந்துகளைப் பற்றி எச்சரிக்கை தேவை. 2002இல் சிங்கப்பூரில் இளைக்கும் மாத்திரை ஒன்றை உண்டு ஒரு பெண்மணி மாண்டார். நடிகை ஒருவர் கல்லீரல் கெட்டு, மாற்றுக் கல்லீரலால் பிழைத்தார். இன்றும் கைப்பேசி வழியே விற்கும் "இளைக்கும் காப்பி"களில் சிபுட்ராமின் கலந்திருப்பதை இரு நாட்டு அதிகாரிகளும் திரும்பத் திரும்பப் பிடிக்கிறார்கள். இருதயத்துக்குக் கேடென்று 2010இல் பல நாடுகளில் நிறுத்தப்பட்ட மருந்து அது. வைத்தியர் எழுதித் தரும் செமகுளூடைட் ஊசி வேறு. 2021இல் வெளியான ஆராய்ச்சியில் அது பாரத்தில் நூற்றுக்கு 15 பங்கு வரை குறைத்தது உண்மை. ஆனால் ஊசியை நிறுத்தியவர்களுக்கு ஓராண்டில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. விலையையும் யோசித்து, வைத்தியரோடு பேசியே முடிவு செய்ய வேண்டும்.

ஏற்கெனவே நீரிழிவுக்கு இன்சுலின் போடுகிறவர்களும், சீனியை இறக்கும் மாத்திரை உண்கிறவர்களும் ஆகாரத்தைத் திடீரென்று குறைத்தால் இரத்தத்தில் சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கி மயக்கம் வரும். அவர்கள் தங்கள் பரிசோதனைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போய், மருந்தின் அளவைக் கேட்டுத் திருத்திக்கொண்ட பிறகே தொடங்க வேண்டும்.