தற்கொலை அபாயத்தை அறிதற்குரிய சிறு வினாத்தாள்கள்

பயிரையும் கால்நடையையும் பற்றிப் பேசும் இப்பத்திரிகையில் மனத்துயரத்தைப் பற்றிய கட்டுரைக்கு இடம் ஏது என்று சிலர் வினவக்கூடும். பூச்சிமருந்து குடியானவரது வீட்டிலேயே இருக்கின்றபடியால் இவ்விஷயம் நமக்கு அயலானதன்று. 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் மாண்டதாக அரசாங்கக் கணக்கு கூறுகின்றது. இஃது லட்சம் பேருக்கு 12.4 ஆகும்.

இத்தகைய அபாயத்தை முன்னரே அறிதற்பொருட்டு மருத்துவர்கள் சில சிறு வினாத்தாள்களை அமைத்திருக்கின்றனர். அவற்றுள் பெரிதும் வழங்குவது, 2001இல் அமெரிக்காவில் வெளியான 'பி.எச்.கியூ.-9' என்பது. மனச்சோர்வை அளக்கும் இதில் ஒன்பது கேள்விகள் உள. கடந்த இரண்டு வாரங்களில் ஒவ்வொரு தொல்லையும் எவ்வளவு அடிக்கடி இருந்தது என்பதற்கேற்ப 0 முதல் 3 வரை எண் இடவேண்டும். இறந்துபோவதே நலம் என்றேனும், தன்னைத் துன்புறுத்திக்கொள்ளவேண்டும் என்றேனும் எண்ணம் எழுந்ததா என்பது ஒன்பதாவது கேள்வி. அந்நாட்டில் சுமார் 84,000 புறநோயாளிகளின் விடைகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டனர். அவ்வெண்ணம் இல்லவேயில்லை என்றவர்களுள் ஓராண்டிற்குள் தற்கொலைக்கு முயன்றோர் ஆயிரத்துக்கு 4 பேர். ஏறக்குறைய நாள்தோறும் உண்டு என்றவர்களுள் 40 பேர். ஒரே ஒரு கேள்விக்கு இது சிறிய பயனன்று.

இளைஞர்களுக்கென்று 2012இல் வெளியான 'ஆஸ்க்' என்பதில் நான்கே கேள்விகள். அவற்றுள் ஒன்றிற்கு 'ஆம்' என்றாலும், இப்பொழுதே அவ்வெண்ணம் உள்ளதா என்று ஐந்தாவதாகக் கேட்கவேண்டும்.

ஆயினும், ஊரார் அனைவரையும் இவ்வாறு சலித்தெடுத்துவிடலாம் என்று எண்ணுதல் தவறு. பதர் மிகுதியாயும் மணி மிகக் குறைவாயும் உள்ள குவியலில் நல்ல சல்லடையும் பதரையே நிரம்பத் தரும். ஒரு லட்சம் பேருள் ஓராண்டில் 12 பேர் மாள்கின்றனர் என்று கொள்வோம். ஒரு வினாத்தாள் அவர்களுள் 9 பேரைக் கண்டுகொண்டு, மற்றவருள் பத்தில் ஒருவரை மட்டுமே தவறாகக் குறிக்கின்றது என்றும் கொள்வோம். அப்பொழுது குறிக்கப்படுவோர் பதினாயிரத்துக்கு மேற்பட்டவர். அவர்களுள் மெய்யாக மாளவிருந்தோர் ஒன்பதின்மர். மூவரோ அபாயமில்லாதவர் என்று எழுதப்பட்டுவிடுவர்.

இது வெறுங் கணக்கன்று. போகார்னி என்னும் அமெரிக்க மருத்துவர் 4,800 மனநோயாளிகளைப் பின்தொடர்ந்து 1983இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 803 பேர் அபாயமுடையோராகக் குறிக்கப்பட்டனர். பின்னர் தற்கொலை செய்துகொண்ட 67 பேருள் 30 பேரே அத்தொகுதியில் இருந்தனர். அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழுவும், பொதுமக்கள் எல்லோரையும் இங்ஙனம் சோதித்தற்கு ஆதாரம் போதாதென்று 2014இலும் 2023இலும் கூறிற்று.

ஆகவே வினாத்தாளின் விடையைத் தீர்ப்பாகக் கொள்ளாது, பேச்சுக்குத் திறந்த வாயிலாகக் கொள்ளல்வேண்டும். கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்ததாகும் என்ற அச்சம் நம்மவரிடம் பரவலாக உண்டு. நியூயார்க் மாகாணத்தில் 2,342 மாணவரிடம் நடத்தி 2005இல் வெளியிட்ட சோதனையில், கேட்கப்பட்டவர்களுக்கு மனவருத்தமோ அவ்வெண்ணமோ மிகவில்லை. கேட்கும் இடமும் ஆளுமே முக்கியம். கடன் விண்ணப்பத்தோடு இக்கேள்விகளைச் சேர்த்தால் எல்லோரும் 'இல்லை' என்றே எழுதுவர்! தனியிடத்தில், நம்பிக்கைக்குரிய ஒருவர், சுற்றிவளைக்காமல் கேட்கவேண்டும். முயற்சி செய்தவரைத் தண்டித்தலை 2017ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம் பெரும்பாலும் விலக்கியிருப்பதையும் எடுத்துக் கூறலாம்.

'ஆம்' என்ற விடை வந்தால் அவரைத் தனியே விடலாகாது. வீட்டிலுள்ள பூச்சிமருந்தை அன்றே அப்புறப்படுத்தி, அரசாங்க மருத்துவமனைக்கு அழைத்துச்செல்லல் வேண்டும். '14416' என்னும் எண்ணில் இரவும் பகலும் இலவசமாகத் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கும்.

மருந்தை அகற்றுதல் கேள்விகளினும் வலியது என்பது எமது கருத்து. இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகள் சிலவற்றை 1995இலும் 1998இலும் தடுத்தபின், 1995இல் லட்சத்துக்கு 47 ஆயிருந்த தற்கொலை வீதம் 2005க்குள் ஏறத்தாழப் பாதியாயிற்று. கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயிலை அடுத்த சிற்றூர்களில், மருந்துகளை வீட்டில் வையாது பொதுக் களஞ்சியத்திலிட்டுப் பூட்டிவைக்கும் முறையைச் சோதித்து 2013இல் வெளியிட்டனர். அத்தகைய களஞ்சியம் இல்லாத ஊரில், தெளிப்புக்கு வேண்டிய அளவே வாங்கி, மிஞ்சியதைப் பூட்டி, திறவுகோலை வேறொருவர் வைத்திருத்தல் தகும்.