தொப்புள்கொடியின் சாட்சியம்

தாய் உண்ட உணவில் விஷம் கலந்திருந்தாலும் அது நஞ்சுக்கொடியைத் தாண்டிச் சிசுவைத் தீண்டாது என்ற நம்பிக்கை, பாட்டிமார்களிடம் மட்டுமன்று, சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் வைத்திய சாஸ்திரம் பயின்றவர்களிடமும் உறுதியாக வேரூன்றியிருந்தது. அது தகர்ந்த இடம், ஜப்பானின் கியூஷூ தீவில் மீன்பிடித்து வாழ்ந்த மக்களின் ஊராகிய மினமாட்டா.

சிஸ்ஸோ என்னும் கம்பெனி அங்கே அசிட்டால்டிஹைடு தயாரிக்கையில் உண்டான மெத்தில் பாதரசம், கழிவுநீரோடு கடலில் கலந்து, மீனிலும் சிப்பியிலும் ஏறி, அவற்றைத் தின்ற பூனைகளை வலிப்பில் துடிக்கவைத்து, பிறகு மனிதரின் நடையையும் பேச்சையும் பார்வையையும் பறித்தது. வியாதி அதிகாரிகளுக்கு அறிவிக்கப்பட்டது 1956 மே முதல் தேதி. ஐந்து ஆண்டுகள் கழித்து ஹராடா மசஸூமி என்ற இளம் வைத்தியர், ஒரு வீட்டுத் திண்ணையில் விளையாடிக்கொண்டிருந்த இரு சகோதரர்களைக் கண்டார். இருவருக்கும் ஒரே மாதிரியான பீடை. மூத்தவனுக்குத்தான் மினமாட்டா வியாதி, இளையவன் மீனே தின்றறியாதவன், ஆகையால் அவனுடையது வேறு என்று வைத்தியர்கள் கூறிவிட்டதாகத் தாய் சொன்னாள். ஆனால் அவனைச் சுமந்திருந்தபோது மீன் தின்றவள் நானல்லவா என்றும் கேட்டாள். அவள் கேட்டதே உண்மை. மெத்தில் பாதரசம், உடலுக்கு வேண்டிய ஓர் அமினோ அமிலத்தின் வேஷம் பூண்டு நஞ்சுக்கொடியைக் கடந்து, தாயின் இரத்தத்தைக் காட்டிலும் சிசுவின் இரத்தத்திலேயே அதிகமாகச் சேர்கிறது. 1962-இல் 16 குழந்தைகள் கருவிலேயே நஞ்சுண்டவர்கள் என்று அங்கீகரிக்கப்பட்டனர்.

பணம் பெற்றுக் கையெழுத்திட்டவனுக்கு வழக்காடும் உரிமை போயிற்று என்பது மற்றொரு நம்பிக்கை. 1959 டிசம்பரில் சிஸ்ஸோ, இறந்தவருக்கு 3 லட்சம் யென் வீதம் 'அனுதாபத் தொகை' கொடுத்து, ஆலைக் கழிவே காரணமென்று பின்னால் தெளிவானாலும் மேற்கொண்டு நஷ்டஈடு கேட்பதில்லை என்ற ஷரத்தையும் எழுதி வாங்கிக்கொண்டது. மீன் விலைபோகாமல், வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையாய்க் கிடக்க, அதில் ஒப்பமிட்டவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. அதற்குச் சில வாரங்கள் முன்புதான், கம்பெனி வைத்தியசாலைத் தலைவர் ஹோசோகாவா, ஆலைக் கழிவைத் தீனியில் கலந்து ஊட்டிய 400-ஆம் எண் பூனைக்கு அதே வியாதி கண்டதை அறிந்திருந்தார். நிர்வாகம் அதை மறைத்தது. பின்னர் நோயாளிகள் தொடுத்த வழக்கில், 1970-இல் மரணப்படுக்கையிலிருந்தே அவர் அதற்குச் சாட்சி கூறினார். நோயாளிகளின் அறியாமையையும் வறுமையையும் பயன்படுத்திப் பெற்ற அந்த ஒப்பந்தம் பொது ஒழுங்குக்கும் நல்லொழுக்கத்துக்கும் விரோதமானது, ஆகவே செல்லாது என்று குமமோட்டோ ஜில்லா நீதிமன்றம் 1973 மார்ச் 20 அன்று தீர்ப்பளித்தது. கையெழுத்திட்ட சமரசமெல்லாம் இப்படிச் செல்லாமற் போகும் என்பதன்று. ஒரு தாளைக் காட்டியே ஏழையின் வாயை அடைத்துவிட முடியாது என்பதே இதன் பொருள்.

காலம் கடந்தால் தடயமும் அழிந்துவிடும் என்று சோர்ந்துபோகிறவர்களும் உண்டு. உலர்ந்த தொப்புள்கொடியைத் தாயத்தில் அடைத்துக் குழந்தையின் அரையில் கட்டும் நம் தாய்மாரைப் போலவே, ஜப்பானியத் தாய்மாரும் அதைச் சிறு மரப்பெட்டியில் பத்திரப்படுத்துகிறார்கள். 1970-களில் மினமாட்டா வீடுகளின் பெட்டிகளைத் திறந்து, வற்றிச் சுருங்கிய அக்கொடிகளைச் சோதித்தார்கள். அவற்றிலிருந்த பாதரசம், குழந்தை பிறந்த ஆண்டுக்குத் தக்கபடி, ஆலையின் உற்பத்தி ஏறியபோது ஏறி, இறங்கியபோது இறங்கியிருந்தது.