நிலக்கரியிலிருந்து பெட்ரோல்: வரவும் செலவும்

புதைபடிவ எரிபொருள்கள் பற்றிய பாடத்தில் தென்னாப்பிரிக்காவை எடுத்துக்காட்டாகக் கூறலாம். அங்கு நிலக்கரி மிகுதி. கச்சா எண்ணெய் அரிது. 1925-இல் ஜெர்மனியில் பிஷர், டிராப்ஷ் ஆகியோர் கண்டறிந்த முறையில், சசோல் நிறுவனம் 1955-இல் சசோல்பர்க் நகரில் பெட்ரோல் தயாரித்தது.

நிலக்கரி நீராவியுடனும் ஆக்சிஜனுடனும் வினைபுரிந்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கிடைக்கும். இரும்பு வினையூக்கி இவற்றை ஹைட்ரோகார்பன்களாக மாற்றும்.

1973-இல் எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்ததால் செகுண்டாவில் பெரிய ஆலைகள் திட்டமிடப்பட்டன. 1979-இல் ஈரான் எண்ணெய் விற்பனையை நிறுத்தியது. மறு ஆண்டே அங்கு உற்பத்தி தொடங்கியது.

கரும்பலகையை இரண்டாகப் பிரித்து மாணவர்களையே நிரப்பச் சொல்லுங்கள். வரவு: அந்நியச் செலாவணி மிச்சம், சுரங்க வேலைவாய்ப்பு, மெழுகு, அம்மோனியா போன்ற துணைப்பொருள்கள். செலவு: பெருமுதலீடு, மிகுந்த நீர், ஏராளமான கார்பன் டைஆக்சைடு.

பிறகு கேளுங்கள்: "கச்சா எண்ணெய் விலை பாதியாகக் குறைந்தால் ஆலைக்கு என்ன ஆகும்?" பெட்ரோல் விலை குறையும், ஆலைக்குப் போட்ட முதலின் வட்டி குறையாது. அப்போது இழப்பை அரசோ மக்களோ ஏற்க வேண்டும். புகையின் பாதிப்போ விலையில் முழுமையாகச் சேர்வதில்லை. இதை மாணவர் தாமே கூறினால் அறிவியலும் பொருளியலும் ஒருசேரப் புரிந்துவிட்டன எனலாம்.