இரும்பு வெட்டும் மிஷின் வாங்கப் போகிறீர்களா?



கடந்த வாரம் முகத்துவாரத்தில் அஸர் தொழுதுவிட்டு வெளியே வரும்போது, பக்கத்து ஒழுங்கையில் சிறியதொரு வெல்டிங் பட்டறை நடத்தும் தம்பி ஒருவர் என்னை நிறுத்தினார்.

"நானா, ஒரு பேண்ட் சோ மிஷின் பார்த்து வெச்சிருக்கேன். பழசுதான், ஆனா பெரிசு. வீட்டுல உள்ள நகைய வித்து எடுப்பமா எண்டு யோசிக்கிறேன். நீங்க என்ன சொல்றீங்க?"

"தம்பி, அவசரப்படாதீங்க. நான் செஞ்ச பிழைய முதல்ல கேளுங்க" என்றேன்.

பல வருடங்களுக்கு முன் நானும் இப்படித்தான் பெரிய மிஷின் ஒன்றை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினேன். லொறியில் கொண்டுவந்து இறக்கிய பிறகுதான் அதன் மோட்டர் மூன்று பேஸ் என்பது எனக்கு உறைத்தது. எங்களிடம் இருந்ததோ ஒற்றை பேஸ். மோட்டரை மாற்றினேன். பிறகு பிளேட் உடைந்தது. அந்த நீளத்துக்குக் கொழும்பில் நான் ஏறி இறங்கிய எந்தக் கடையிலும் பிளேட் இல்லை. இரண்டு வருடம் தார்ப்பாயின் கீழ் கிடந்து, கடைசியில் பழைய இரும்பு விலைக்குத்தான் போனது. அந்த நட்டத்தில் நான் கற்ற பாடம், மிஷினின் பெருமையைப் பார்த்து வாங்கக்கூடாது, நம் வேலையைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதே.

முதலில், உங்களுக்கு இது தேவையா?

கேட், கிறில் செய்யும் பட்டறைகளில் பெரும்பாலும் வெட்டுவது மெல்லிய பொக்ஸ் பாரும் ஏங்கில் அயனும். இதற்கு 14 அங்குல டிஸ்க் போடும் கட்டிங் மிஷினே போதும். பேண்ட் சோவின் பல்லுக்கு மெல்லிய தகடு எதிரி. வெட்டும் கனத்துக்குள் எப்போதும் குறைந்தது மூன்று பல்லாவது இருக்க வேண்டும் என்பது இத்தொழிலில் பொது விதி. அங்குலத்துக்கு 24 பல் உள்ள பிளேட்டில் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். 1.2 மி.மீ. தகட்டில் ஒரு பல்தான் நிற்கும். அது தகட்டில் மாட்டி உடைந்துவிடும்.

ஆனால் துறைமுகப் பக்கம் மீன்பிடி வள்ளங்களுக்கு ஷாஃப்ட் செய்பவர், லேத் பட்டறைக்கு ரொட் துண்டு போடுபவர், தடித்த பிளாட் பார், சனல் வெட்டுபவர் ஆகியோருக்கு பேண்ட் சோ உண்மையிலேயே உதவும். டிஸ்க் வெட்டும்போது சூடேறி வெட்டுமுனை நீலம் பாய்கிறது, பிசிறு நிற்கிறது, மறுபடி கிரைண்டர் பிடிக்க வேண்டியிருக்கிறது. டிஸ்க் தின்னும் இரும்பு ஒரு வெட்டுக்கு ஏறத்தாழ 3 மி.மீ. சிறிய பேண்ட் சோ தின்பது ஒரு மி.மீ. அளவுதான். இன்னொன்று, நம்முடையது வீடுகள் நெருங்கிய இடம். டிஸ்க்கின் சத்தமும் தீப்பொறியும் தூசியும் அயலவருக்குத் தொல்லை. அயலவரின் ஹக்கையும் நாம் கணக்கில் எடுக்க வேண்டும்.

எந்த அளவு?

சிறிய பட்டறைக்கு உலகெங்கும் அதிகம் விற்பது 'நாலுக்கு ஆறு' எனப்படும் மிஷின். நாலு அங்குல உருண்டை ரொட் வரை வெட்டும். மோட்டர் அரை முதல் ஒரு குதிரைவலு. முன்பு தாய்வானில் செய்தார்கள், இப்போது பெரும்பாலும் சீனாவில் செய்கிறார்கள். பெயிண்டும் பெயரும் வேறாக இருந்தாலும் உள்ளே ஏறக்குறைய ஒரே மிஷின்தான். இதன் பிளேட் பொதுவாக 64½ அங்குல நீளம், அரை அங்குல அகலம். எல்லோரும் பாவிக்கும் அளவு என்பதுதான் இதன் பெரிய பலம்.

வேலைத் தலத்துக்குக் கொண்டுபோய் வெட்டுபவர் கையில் பிடிக்கும் சிறிய பேண்ட் சோவைப் பார்க்கலாம். நாள் முழுக்க ஒரே அளவில் நூற்றுக்கணக்கில் வெட்டுபவருக்கு மட்டுமே ஹைட்ரோலிக் உள்ள பெரிய மிஷின் பொருந்தும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தபோது உள்ளே ஈரம் இருந்தது. குறையை மறைத்து விற்பதை அவர்கள் கண்டித்தது நாம் அறிந்த சம்பவம். விற்பவருக்கு அதில் எச்சரிக்கை இருக்கிறது. வாங்குபவருக்கும் ஒரு பாடம் உண்டு: மேலே உள்ள புதுப் பெயிண்டைப் பார்த்து ஏமாறாமல் உள்ளே கையை விட்டுப் பாருங்கள்.

1. மோட்டர் தகட்டை வாசியுங்கள். நம் நாட்டில் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ஜப்பானில் வீட்டுக் கரண்ட் 100 வோல்ட். அங்கிருந்து வரும் பழைய சிறு மிஷினுக்கு ட்ரான்ஸ்போமர் தேவைப்படலாம். 60 ஹேர்ட்ஸுக்குச் செய்த சாதாரண மோட்டர் இங்கே ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும். மூன்று பேஸ் என்றால் அந்தச் செலவையும் விலையோடு கூட்டுங்கள்.

2. பிளேட்டை முதலில் தேடுங்கள். மிஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்குமுன் அதன் பிளேட் நீளத்தை எழுதிக்கொண்டு பழைய சோனகத் தெருவிலும் பஞ்சிகாவத்தையிலும் விசாரியுங்கள். இரண்டு கடையிலாவது கிடைக்காவிட்டால் அந்த மிஷின் வேண்டாம். 2022 மார்ச்சில் 200 ரூபா அளவிலிருந்த டொலர் சில வாரங்களில் 300ஐத் தாண்டியதும், இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்ததும் நாம் பட்ட அனுபவம். உதிரி பிளேட் இரண்டு எப்போதும் கையில் இருக்கட்டும்.

3. கியர் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். எண்ணெயில் மஞ்சள் நிறத் துகள் அதிகம் மின்னினால் உள்ளே பித்தளைப் பற்சில்லு தேய்ந்திருக்கிறது.

4. உங்கள் கண்முன்னே வெட்டச் சொல்லுங்கள். இரண்டு அங்குல ரொட் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். மெல்லிய வட்டு ஒன்று வெட்டி, அதன் கனத்தை மேல், கீழ், இடம், வலம் என நாலு பக்கமும் வேர்னியரால் அளவுங்கள். இடமும் வலமும் வித்தியாசப்பட்டால் வைஸ் கோணலாக இருக்கிறது, திருத்திக்கொள்ளலாம். மேலும் கீழும் வித்தியாசப்பட்டால் பிளேட்டைப் பிடிக்கும் வழிகாட்டி பெயாரிங் பிழை, அல்லது பிளேட் தேய்ந்திருக்கிறது. புது பிளேட் போட்டு, பெயாரிங்கைச் சரிசெய்தும் கோணல் போகாவிட்டால் விட்டுவிடுங்கள்.

5. வேகம் மாற்ற முடிகிறதா? சிறிய மிஷின்களில் பெல்ட்டை மாற்றி நிமிடத்துக்கு ஏறத்தாழ 20, 30, 50 மீட்டர் என மூன்று வேகம் வைக்கலாம். சாதாரண இரும்புக்கு அதிக வேகம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குக் குறைந்த வேகம். ஸ்டெயின்லெஸ்ஸில் பிளேட் அழுத்தமில்லாமல் உரசிக்கொண்டே போனால் அந்த இடம் இறுகிவிடும், பிறகு பல் ஏறாது.

6. சுவிட்சைப் பாருங்கள். கரண்ட் போய்த் திரும்ப வந்தால் மிஷின் தானாக ஓடத் தொடங்கக்கூடாது. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். பிளேட்டில் கை வைத்திருக்கும் வேலையாளுக்குக் கரண்ட் வரும் நேரம் தெரியாது. அத்தகைய சுவிட்ச் இல்லாவிட்டால் உடனே மாற்றிப் போடுங்கள். ஓடும் பிளேட்டுக்குப் பக்கத்தில் துணிக் கையுறையும் தொங்கும் சாரமும் வேண்டாம்.

பிளேட்டில் கஞ்சத்தனம் வேண்டாம்

மலிவு மிஷினோடு வரும் பிளேட் பெரும்பாலும் சாதாரண கார்பன் ஸ்டீல். அதைக் கழற்றிவிட்டு 'பை மெட்டல்' பிளேட் போடுங்கள். விலை கூட, ஆனால் பலமடங்கு உழைக்கும். தடித்த ரொட்டுக்கு அங்குலத்துக்கு 10 பல் அளவு பொருந்தும். நெருக்கமான பல் போட்டால் துகள் அடைத்து வெட்டாது. புது பிளேட்டை முதல் சில வெட்டுக்கு மெதுவாக இறக்கிப் பழக்குங்கள்.

பணத்துக்கு என்ன வழி?

மிஷினுக்காக வட்டியில் கைவைக்க வேண்டாம். வங்கி பொருளை வாங்கி, இலாபத்தைச் சொல்லி, தவணைக்கு நமக்கு விற்கும் முராபஹா முறை இருக்கிறது. 2011இல் தொடங்கிய அமானா வங்கி போன்றவற்றில் விசாரிக்கலாம். ஒரே ஒழுங்கையில் உள்ள இரண்டு மூன்று பட்டறைகள் கூட்டாக வாங்குவதும் நல்லது. ஆனால் பங்கு, பராமரிப்பு, பிளேட் செலவு எல்லாவற்றையும் எழுத்தில் வையுங்கள்.

அந்தத் தம்பியோடு நானும் மிஷினைப் பார்க்கப் போனேன். மூன்று பேஸ் மோட்டர். வெட்டிய வட்டின் மேலுக்கும் கீழுக்கும் இரண்டு மி.மீ. வித்தியாசம். "பிளேட் மாத்தினா சரியாயிடும்" என்றார் விற்பவர். "மாத்திக் காட்டுங்க" என்றோம். அந்த அளவு பிளேட் அவரிடமே இல்லை. ஸலாம் சொல்லிவிட்டு வந்தோம். இப்போது தம்பி பக்கத்துப் பட்டறைக்காரர் ஒருவரோடு சேர்ந்து சிறிய மிஷின் ஒன்று பார்க்கிறார். நகை வீட்டில்தான் இருக்கிறது.

ஹலாலாகச் சம்பாதித்த காசைக் கொடுக்குமுன் ஒரு ரொட் துண்டையும் வேர்னியரையும் எடுத்துக்கொண்டு போங்கள். அல்லாஹ் நம் தொழில்களில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.