ஆவியின் வரங்களும் அவற்றை உரைத்தறிதலும்

சென்ற கோடை விடுமுறையில் யாமும் நம் கல்லூரி மாணவர் சிலரும் கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு வாரம் தங்கியிருந்தோம். விருத்தாசலத்தை அடுத்து வெள்ளாற்றின் பக்கத்தே உள்ள ஊர் அது. மூன்றாம் நாள் மாலை, ஒரு வீட்டுத் திண்ணையிற் கூடிய சிறு ஜெபக்கூட்டம் முடிந்தபின், முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் எம்மைத் தனியே அழைத்தார். விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடம் ஒன்றிலே சூளையைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. அவர் வினவியது இது: "ஐயா, மூன்று தடவை உபவாசமிருந்து மன்றாடினேன். அந்நிய பாஷை எனக்கு வரவில்லை. பாஷை வராதவன் ஆவியைப் பெறாதவன் என்கிறார்கள். ஆவியைப் பெறாதவன் திருவிருந்தில் பங்குபெறலாமா?"

மேலும் விசாரித்ததில், எட்டு மாதமாக அவர் திருவிருந்திற் கலந்துகொள்ளவில்லை என்பது தெரிய வந்தது. அவ்வாறு அவருக்குச் சொன்னவர் யாரென யாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்றிரவு யாம் அவசரமாய்க் கொடுத்த விடை எமக்கே திருப்தி தரவில்லை. நிதானமாய்ச் சொல்லியிருக்க வேண்டியதை ஈண்டு எழுதுகின்றோம். நம் கல்லூரியிலும் இவ்வினாவை உள்ளத்தே வைத்துக்கொண்டு வாய்திறவாதிருப்போர் சிலர் இருக்கக்கூடும்.

முதற்கண் வரம் என்னும் சொல்லை நோக்குவோம். தமிழ் மக்களாகிய நமக்கு இச்சொல் வெறுஞ் சொல்லன்று. ஒரு கதையையே உடன் கொண்டு வருவது. ஒருவன் ஊணும் உறக்கமும் ஒழித்துத் தவஞ்செய்கிறான்; தவம் முதிர்ந்தபோது தெய்வம் தோன்றி, வேண்டுவதைக் கேள் என்கிறது; அவன் கேட்டுப் பெறுகிறான். பெற்றது அவன் தவத்துக்குக் கிடைத்த கூலி. அதை எவர் தலைமீதும் அவன் பிரயோகிக்கலாம். பஸ்மாசுரன் வரங்கொடுத்தவர் தலைமீதே கைவைக்கத் துணிந்ததை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கின்றோம். வேதத்தை மொழிபெயர்த்த பெரியோர் இச்சொல்லை எடுத்தாண்டதிற் குற்றமில்லை. இதனினும் பொருத்தமான சொல் அவர்க்கு வேறு யாது? ஆயினும் சொல்லோடு அதன் பழங்கதையும் நம் சபைகளுக்குள்ளே நுழைந்துவிட்டது. பவுல் எழுதிய கிரேக்கச் சொல் காரிஸ்மா என்பது. காரிஸ் என்றால் கிருபை. காரிஸ்மா என்பது கிருபையால் வந்த பொருள். அது கூலியன்று. மூன்று உபவாசத்துக்குக் கிட்டாதது நான்காவதில் கிட்டும் என்னும் கணக்கு அச்சொல்லில் இல்லை. உபவாசம் நல்லதே, அதை விலைப்பணமாய் எண்ணுவதே பிழை.

இனி, கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்தைப் பார்ப்போம். கொரிந்து ஒரு துறைமுகப் பட்டணம். அங்கே பலவகைப்பட்ட மக்களும் கலந்திருந்தனர். செல்வரும் அடிமைகளும் ஒரே பந்தியில் அமர்ந்த அச்சபையிலே, கண்ணையும் செவியையும் கவர்ந்த வரத்துக்கே மதிப்பு மிகுந்திருந்தது. பவுல் அவர்களைத் தடுக்கவில்லை. தாமும் பாஷைகளில் பேசுகிறவரென்றே பதினான்காம் அதிகாரத்தில் ஒப்புக்கொள்கிறார். அதைத் தடைசெய்ய வேண்டாமென்றும் முடிக்கிறார். ஆனால் பன்னிரண்டாம் அதிகாரத்தின் இறுதியில் அடுக்கடுக்காய்ச் சில வினாக்களை எழுப்புகிறார்: எல்லாரும் அப்போஸ்தலரா, எல்லாரும் போதகரா, எல்லாரும் பாஷைகளைப் பேசுகிறார்களா என்பன போல. இல்லை என்பதே ஒவ்வொன்றுக்கும் அவர் எதிர்பார்க்கும் விடை. கிரேக்க மூலத்தில் வினாவின் அமைப்பே அதனைக் காட்டுகிறது. ஒரு வரத்தை எல்லாருக்கும் பொதுவான அடையாளமாக்குவோர் இவ்விடத்தை எங்ஙனம் கடந்து செல்கின்றனர் என்பது எமக்கு விளங்கவில்லை.

அதே இடத்தில் நம்மிற் பலர் படித்தும் பாராது விட்ட இரண்டு வரங்கள் உள. குணமாக்கும் வரத்துக்கும் பாஷை வரத்துக்கும் இடையே அவை நிற்கின்றன. ஒன்று, உதவி. கிரேக்கத்தில் அச்சொல்லின் வேர்ப்பொருள், பிறனொருவனது பாரத்தை எதிர்ப்புறத்திலிருந்து கைகொடுத்துப் பிடித்தல் என்பதாம். மூட்டையைத் தூக்கித் தலையிலேற்ற ஒரு கை வேண்டி வழியில் நிற்பவனை நாம் கண்டிருக்கிறோம், அக்கைதான் இவ்வரம். மற்றொன்று, ஆளுகை. கப்பலின் சுக்கானைப் பிடிக்கும் மாலுமியின் தொழிலைக் குறிக்கும் சொல் அது. சபைக் கணக்கைப் பிழையற எழுதுபவர், சண்டையிட்ட இரு குடும்பத்தாரை ஒரு கூடத்தில் உட்காரவைப்பவர் ஆகியோர் இவ்வகையினர். இவர்களை ஆவியின் வரம் பெற்றோர் என்று எவரும் மேடையில் அழைத்ததாக யாம் கேட்டதில்லை. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் ஈதலும் இரக்கஞ்செய்தலும் வரங்களாகவே எண்ணப்படுகின்றன.

இதனால் வியத்தகு வரங்கள் யாவும் பொய்யென்று யாம் சொல்வதாக எவரும் எண்ணற்க. அவை அயல்நாட்டினின்று அண்மையில் இறக்குமதியான சரக்கென்று சொல்வோரும் உளர். அவர் தம் நாட்டுச் சரித்திரத்தை அறியாதவர். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து எழுப்புதல் 1906-ல் நிகழ்ந்தது. அதற்கு 46 ஆண்டுகட்கு முன்னரே நம் தென்பாண்டி நாட்டில் அவை காணப்பட்டன. யோவான் கிறிஸ்தியான் அருளப்பனார் (1810–1867) பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரிடம் கல்வி பயின்றவர். பின்னர் அந்தோனி நாரிஸ் குரோவ்ஸ் என்பாரின் நட்பால், மிஷன் சம்பளத்தை நாடாது கர்த்தரை நம்பி ஊழியஞ்செய்யத் துணிந்தவர். 1840-ல் வத்திராயிருப்பின் பக்கத்தே கிறிஸ்தியான்பேட்டை என்னும் ஊரை அவர் நிறுவினார். அமெரிக்காவிலும் அயர்லாந்திலும் உண்டான எழுப்புதலின் செய்தி அவருக்கு எட்டி, அவர் அதற்காக மன்றாடிவந்தார். 1860-ல் ஆவியானவர் வெளிப்படையாய்ப் பொழியப்பட்டார் என்பது அவர் குறிப்பின் சாரம். மக்கள் நடுங்கினர், அழுதனர், பாவங்களை அறிக்கையிட்டனர், சிலர் தீர்க்கதரிசனம் உரைத்தனர், சிலர் அறியாத பாஷை பேச, வேறு சிலர் அதன் பொருளைச் சொல்லினர். அவருடைய நாட்குறிப்புகள் பிற்காலத்தில், 1939-ல், லாங் என்னும் ஆங்கிலேயரால் நூலாக வெளியிடப்பட்டன.

அக்காலத்து மிஷனெரிமாரிற் சிலர் மகிழ்ந்தனர், சிலர் ஐயுற்றனர். இரு திறத்தாரும் ஒப்பக் கண்டது ஒன்றுண்டு: அழுகையும் நடுக்கமும் தணிந்தபின் ஆடவரும் பெண்டிரும் கூலி வாங்காது ஊர் ஊராய்ச் சென்று சுவிசேஷம் கூறினர். வெள்ளையர் கையை எதிர்பாராது தமிழர் தாமே எழுந்து செய்த ஊழியம் அது. யாம் இதனையே பெரிதாக மதிக்கிறோம். இன்னொன்றும் கருதத்தக்கது. 1840 முதல் 1860 வரை இருபது ஆண்டு அருளப்பனார் உழுதிருக்கிறார். அவ்வருஷங்களில் பாஷையுமில்லை, தரிசனமுமில்லை. அந்த இருபது ஆண்டும் அவர் ஆவியில்லாதவராயிருந்தார் என்று சொல்லத் துணிவார் யார்?

இவ்வெழுப்புதலின் அலை பின்னர்த் திருவிதாங்கூருக்கும் சென்றது. அங்கே யுஸ்துஸ் யோசேப்பு என்பவர் அதில் முன்னின்றார். தமிழ்ப் பிராமணக் குடும்பத்திற் பிறந்து கிறிஸ்தவரானவர், சபைக்குரு, புலமை வாய்ந்தவர், மலையாளத்தில் பாக்கள் இயற்றியவர். 1875-ல் அவர் குழுவினுள்ளே ஒரு தீர்க்கதரிசனம் எழுந்தது: ஆறு ஆண்டுகளிற் கிறிஸ்து மீண்டும் வருவார் என்று. அவர்கள் தனிச்சபையாயினர், ஆறாண்டுக் கூட்டத்தார் என்று பெயரும் பெற்றனர். 1881 வந்தது, சென்றது. அம்மனிதரின் பக்தியை யாம் இகழ மாட்டோம். பக்தியிலே குறையில்லை, உரைத்துப் பார்ப்பதற்கு இடங்கொடாமையே குறை. தீர்க்கதரிசிகள் பேசட்டும், மற்றவர்கள் நிதானிக்கட்டும் என்னும் கருத்தை அப்போஸ்தலர் எழுதி வைத்தது வீணுக்கன்று.

உரைத்துப் பார்த்தல் என்றவுடன், விருத்தாசலத்தார் யாவரும் அறிந்த கதையொன்று நினைவுக்கு வருகிறது. முதுகுன்றம் என்பது அவ்வூரின் பழம்பெயர். அங்கே சுந்தரமூர்த்தி நாயனார் பன்னீராயிரம் பொன் பெற்று, அதனை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது சைவர் வரலாறு. ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுதல் என்னும் வழக்கும் இதனோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. பலரும் மறப்பது ஒன்று: பொன்னை ஆற்றிலிடுமுன் அவர் ஒரு துண்டு மச்சம் வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்த பொன்னை அதனோடு ஒப்பிட்டு மாற்றுப் பார்க்க அது உதவிற்று. தெய்வம் தந்த பொன்னுக்கே மாற்றுப் பார்த்தனர் நம் முன்னோர். கிறிஸ்தவராகிய நாமோ ஒருவர் கண்மூடிக் கைதூக்கிப் பேசினால் உடனே ஆமென் என்கிறோம்.

நம் கையிலுள்ள மச்சம் எது? வரங்களைப் பற்றிய பன்னிரண்டாம் அதிகாரத்துக்கும் பதினான்காம் அதிகாரத்துக்கும் நடுவே அன்பைப் பற்றிய பதின்மூன்றாம் அதிகாரம் கிடக்கிறது. அதனைத் திருமண ஆராதனையில் வாசித்துப் பழகிய நமக்கு, அது வரங்களைத் தீர்ப்பதற்காக எழுதப்பட்டதென்பது மறந்துபோயிற்று. இந்த வரத்தால் சபை கட்டப்பட்டதா, சிதறியதா? அருகிலிருந்த எளியவன் நிமிர்ந்தானா, குனிந்தானா? கலாத்தியர் நிருபத்தில் ஆவியின் கனி ஒன்பது குணங்களாய்ச் சொல்லப்படினும், கனி என்னும் சொல் அங்கே ஒருமையில் நிற்கிறது, வரங்களோ பன்மை. வரம் ஆளுக்கு ஆள் வேறுபடலாம். கனியோ எல்லாரிடத்தும் தேடப்படும்.

மாணவரே, வரத்தை எங்கே தேடுவது என்று கேட்பீராயின், கண்ணாடி முன் நின்று தேடாதீர் என்போம். எவருடைய தேவை உம் கண்ணில் முதலிற் படுகிறதோ, அங்கே தேடுக. சிலருக்குத் தனித்திருப்பவன் முகம் உடனே தெரியும். சிலருக்குக் கணக்கிலுள்ள பிழை தெரியும். சிலருக்குக் குழந்தைகள் கேட்கும் கேள்வியின் உட்பொருள் விளங்கும். கண்டுகொண்டபின் அதை ஓம்புதல் வேண்டும். தீமோத்தேயுவுக்குத் தன்னிலுள்ள வரத்தை அனல்மூட்டும்படி பவுல் நினைப்பூட்டுகிறார். அவிந்துபோகும் நெருப்பை ஊதி எழுப்புவதற்குரிய சொல்லையே ஆளுகிறார்.

இந்தச் சொல்லின் பொருளை அச்சூளைக்கார நண்பருக்கு மறுநாள் யாம் எடுத்துரைத்தபோது அவர் முதன்முறையாகச் சிரித்தார். "ஆனால் ஐயா, மண்ணில் ஈரம் இருக்கும்போதே தீயை ஏற்றினால் எல்லாம் வெடித்துப்போகும். மெல்ல மெல்லத்தான் ஏற்ற வேண்டும்" என்றார். எமது விளக்கத்தினும் அவருடையது நன்றாயிருந்தது. அவ்விடத்துச் சூளைகளில் மின்கம்பிக்குரிய பீங்கான் கட்டையும் வேகிறது, கொலுப் பொம்மையும் வேகிறது. பொம்மையைப் பார்த்துக் கட்டை பொறாமை கொள்வதுண்டோ என்று எங்கள் மாணவன் ஒருவன் கேட்டான். அதற்கு அவர் மறுமொழி கூறவில்லை.

புறப்படும் நாள் காலையில் பேருந்து நிலையத்தில் அவரை மீண்டும் கண்டோம். இரவு வேலை முடிந்து வந்தவர் வீட்டிற்குப் போகவில்லை. கையில் ஒரு மூதாட்டியின் மருத்துவச் சீட்டு, பக்கத்தில் அம்மூதாட்டி. விருத்தாசலம் ஆஸ்பத்திரிக்குப் புதன்கிழமைதோறும் யாரையாவது அழைத்துப் போவது அவர் வழக்கமென்று ஊரார் பின்னர்ச் சொன்னார்கள். அவர் எம்மிடம் அதைச் சொன்னதில்லை. அடுத்த ஞாயிறு திருவிருந்துக்குப் போவீரா என்று கேட்டோம். "பார்ப்போம் ஐயா" என்றார். பின்னர், அம்மூதாட்டிக்கு வாந்தி வரும், சன்னல் ஓரத்து இடத்தைச் சற்று விட்டுக்கொடுக்க முடியுமா என்று எங்கள் மாணவனிடம் கேட்டார்.