சாப்பிட்டதையே மறந்தால்?

கேள்வி: மாமியாருக்கு மறதிநோய். சாப்பிட்ட அரை மணியில் "இன்னும் சோறு போடலையே" என்கிறார். சென்னையில் உதவி எங்கே கிடைக்கும்?

பதில்: "இப்பத்தானே சாப்பிட்டீங்க" என்று வாதாடினால் சண்டைதான் மிஞ்சும். "உலை கொதிக்குது, அதுவரைக்கும் இந்தாங்க" என்று இரண்டு பிஸ்கட் கொடுப்பது பல வீடுகளில் எடுபடுகிறது.

முதலில் டாக்டர். தைராய்டு குறைவு, பி12 குறைபாடு, மனச்சோர்வு எல்லாமே மறதியாக வேஷம் போடும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. கிண்டியில் 2024-ல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை அரசுடையது. ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பின் மறதிநோய்ச் சேவையான டெம்கேர்ஸ், நோயாளியோடு பராமரிப்பவருக்கும் வழிகாட்டுகிறது.

எங்கே கேட்பது என்றே புரியவில்லையா? 14567, முதியோருக்கான கட்டணமில்லா உதவி எண்.

எல்லாம் மருமகள் தலையிலேயே விழுவது அநியாயம். மகன்களும் முறை வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.