விதி மயங்கும் இடத்தில்: பொம்மைப் போர் ஆடுவோருக்கு

கரோல் பாக் ஃபிளாட்டுகளில் டைனிங் டேபிள் சின்னது. வார்ஹாமர் 40,000 என்ற பொம்மைப் போர் ஆட்டத்தில் இரண்டாயிரம் புள்ளிப் படைகள் மோதுவதற்கு 60-க்கு 44 இன்ச் களம் வேண்டும். ஆகவே இரண்டு மேசைகளைச் சேர்த்து, மேலே பிளைவுட் போட்டு, புத்தக அடுக்கைக் குன்றாகவும் பிஸ்கட் டப்பாவைக் கோட்டையாகவும் வைத்துத்தான் ஆட்டம். அந்த டப்பாவை நினைத்து யாரும் விதிநூல் எழுதவில்லை; தகராறு வரத்தான் செய்யும். டில்லியில் இதற்கு எதிராளி கிடைப்பதே அரிது. மெட்ரோ பிடித்து வந்த ஆளை விதிநூலின் ஒரு வாக்கியத்துக்காக இழப்பதா?

செய்ய வேண்டியவை

* எந்தப் பதிப்பு என்று முதலில் கேளுங்கள். நம் வீட்டுச் சதுரங்கத்திலேயே சிப்பாய் முதல் நகர்வில் ஒரு கட்டமா, இரண்டு கட்டமா என்று கேட்டுக்கொண்டுதானே உட்காருவோம்? இந்திய முறையில் பழகிய மீர் சுல்தான் கான், ஐரோப்பிய விதிகளைப் பின்னால் கற்றுக்கொண்டுதான் 1929-இல் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். வார்ஹாமரிலும் இதே கதைதான். 2012-இல் வந்த ஆறாம் பதிப்புக்கு முன்பு சுடுமுன் தூரம் அளந்து பார்க்கக் கூடாது. அதன்பின் எப்போது வேண்டுமானாலும் அளக்கலாம். பழைய ஆட்டக்காரர் டேப்பைப் பார்த்து முகம் சுளித்தால் அவர் பொய் சொல்லவில்லை, பழைய புத்தகத்தில் இருக்கிறார். 2023-இல் வந்த பத்தாம் பதிப்பா, வேறா என்பதை மேசை போடும்போதே பேசி முடியுங்கள். வார்ஹாமர் நிறுவனமான கேம்ஸ் வொர்க்‌ஷாப் இலவசமாக வெளியிடும் திருத்தங்களையும் விளக்கங்களையும் போனில் இறக்கி வைத்திருங்கள்.

* யாருக்கு லாபம் என்று தெரியும் முன்பே பொருளை முடிவு செய்யுங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். பிஸ்கட் டப்பாவின் மேல் ஏறலாமா, அதன் ஜன்னல் ஓட்டை வழியே சுடலாமா, சாய்ந்து நிற்கும் டைஸ் செல்லுமா என்பதையெல்லாம் படைகளை அடுக்கும் முன் கேட்டால் இருவருமே நியாயவான்கள். நான்காம் சுற்றில், தளபதி செத்துக்கொண்டிருக்கும்போது கேட்டால் இருவருமே வக்கீல்கள். நடுவில் புதிதாக மயக்கம் வந்தால், டைஸைக் கையில் எடுக்காமல் பேசுங்கள். உருண்டு நின்ற எண்ணைப் பார்த்த பிறகு எவருடைய வாதத்துக்கும் மதிப்பில்லை, உங்களுடையது உட்பட.

* எண்ணத்தை வாய்விட்டுச் சொல்லி நகர்த்துங்கள். "இந்தச் சுவருக்குப் பின்னால், உங்க பீரங்கி கண்ணுக்குப் படாம நிறுத்துறேன், சரிதானே?" எதிராளி குனிந்து பார்த்து "சரி" என்று விட்டால் போதும். பிறகு மேசையில் முழங்கை இடித்து பொம்மை கால் இன்ச் நகர்ந்தாலும் பேச்சு நிற்கும்.

* சிறப்புவிதிக்கு வழிவிடுங்கள். நன்னூல் படித்தவர்களுக்கு இது புதிதல்ல: பொதுவிதி எல்லார்க்கும், சிறப்புவிதி தன் இடத்தில் அதை மீறும். படைக்குரிய அட்டையில் எழுதியிருப்பது அடிப்படை விதியோடு மோதினால், அட்டைதான் பேசும்.

* ஒரே சமயத்தில் இரண்டு விதிகள் கிளம்பினால், யாருடைய முறை நடக்கிறதோ அவர் வரிசையை முடிவு செய்யட்டும். வார்ஹாமரில் இதை எழுதியே வைத்திருக்கிறார்கள்; ஆனாலும் வாரந்தோறும் சண்டை.

* "உள்ளே" என்றால் எவ்வளவு உள்ளே என்று பாருங்கள். பத்தாம் பதிப்பில், பொம்மையின் அடித்தட்டான பேஸின் ஓர் ஓரம் எல்லைக்குள் இருந்தாலே பொம்மை உள்ளே. "முழுதும் உள்ளே" என்று எழுதியிருந்தால் மட்டுமே பேஸ் மொத்தமும் இருக்க வேண்டும். எச்.ஜி. வெல்ஸ் 1913-இல் எழுதிய ‘லிட்டில் வார்ஸ்’ நூலில், ஆறு இன்ச்சுக்குள் தன் பக்கத்து ஆட்கள் நான்கு பேராவது இருந்தால்தான் பீரங்கி சுடும். எல்லைக் கோட்டை மிதித்து நிற்கும் நான்காவது ஆள் கணக்கில் உண்டா என்ற கேள்விக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது.

* இரண்டு நிமிடம் தேடியும் விடை இல்லையா? டைஸ் உருட்டி ஒருவர் சொல்வதை அன்றைய ஆட்டம் முழுக்க ஏற்றுக்கொள்ளுங்கள். வார்ஹாமர் விதிநூல்களே காட்டிய வழி இது. ஆட்டம் முடிந்த பிறகு சாவகாசமாகப் புத்தகத்தைப் புரட்டி, சரியான விடையை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

செய்யக்கூடாதவை

* கொடி நுனியை வைத்து ஆளைக் கொல்லாதீர்கள், பேசாமல். பத்தாம் பதிப்பின்படி பொம்மையின் எந்தப் பகுதி தெரிந்தாலும் அது பார்வைக்குட்பட்டது. 2008-இன் ஐந்தாம் பதிப்பிலோ உடல் தெரிய வேண்டும். கொடியும் துப்பாக்கியும் கணக்கில் இல்லை. சுவருக்கு மேலே முதுகுக்கொடி மட்டும் எட்டிப் பார்க்கும் பொம்மையைச் சுடலாமா என்பதற்கு எழுத்துப்படி விடை உண்டு. ஆனால் அழகுக்காக நீளக் கொடி ஒட்டிய பையன் அதற்காகத் தண்டனை பெறுவது எனக்குச் சரியாகப் படவில்லை. முன்கூட்டிப் பேசிக் கொடிகளை விட்டுவிடுவதே என் கட்சி. பார்வையில் படாதிருக்க எல்லாப் பொம்மைகளையும் மண்டியிட வைத்து ஒட்டுகிறவருக்கு இந்த இரக்கம் கிடையாது.

* "கூடாதுன்னு எங்கேயும் போடலையே" என்று வாதாடாதீர்கள். செய்யலாம் என்று எழுதியிருப்பதை மட்டும்தான் செய்யலாம்.

* நூலாசிரியரின் மனதை உங்களுக்குச் சாதகமாகப் படிக்காதீர்கள். "அவங்க நினைச்சது இதுதான்" என்று சொல்லும் முன், அந்தப் பொருள் உங்கள் படைக்கு எதிராக நின்றாலும் இதையே சொல்வீர்களா என்று பாருங்கள்.

* வேடிக்கை பார்க்க வந்தவரைத் தீர்ப்புச் சொல்லச் சொல்லாதீர்கள். நடுவர் வேண்டுமென்றால் ஆட்டத்துக்கு முன்பே வையுங்கள். 1824-இல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் வெளியிட்ட கிரீக்ஸ்ஷ்பீல் போர்விளையாட்டில் நடுவர் இல்லாமல் ஆட்டமே கிடையாது. 1876-இல் வெர்டி து வெர்னுவா ஒரு படி மேலே போய், விதி அட்டவணைகளை ஓரம் வைத்து அனுபவசாலியான நடுவரின் தீர்ப்பையே நம்பலாம் என்றார். அவர் சொன்னது ராணுவ அதிகாரியை. டீ கொண்டுவந்த மச்சானை அல்ல.

* தையல்காரர் டேப்பால் அளக்காதீர்கள், துணி இழுபடும். இரும்பு டேப்பின் கொக்கி லேசாக ஆடுவது பழுதல்ல, தன் தடிமனை ஈடுகட்டத்தான் ஆடுகிறது. டேப் வாங்க அஜ்மல் கான் ரோட்டுக்கு இறங்குவதானால் திங்கட்கிழமை போகாதீர்கள், கடைத்தெரு விடுமுறை.

* போட்டி ஆட்டத்தில் அமைப்பாளர் தீர்ப்புச் சொன்ன பிறகு வாய் திறக்காதீர்கள்.

பழகிய ஆட்டக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். எதிரே உட்கார்ந்திருப்பவர் முதல் தடவை ஆடுகிறார் என்றால், மயக்கம் வரும் இடத்திலெல்லாம் அவர் பக்கமே தீர்ப்பு எழுதுங்கள். அடுத்த ஞாயிறும் அவர் வர வேண்டும்.